சரியாக ஆடாத வீரரை இ-ஸ்போர்ட்ஸ் அணி நீக்க வேண்டுமா, பயிற்சியைக் கடுமையாக்க வேண்டுமா?

கேள்வியை வாசித்தாலே தெரிகிறது, இதைச் சும்மா பொழுதுபோகாமல் நீங்கள் கேட்கவில்லை. கையில் ஐந்து பேர் கொண்ட அணி இருக்கிறது, அதில் ஒருவர் மேல் ஏற்கெனவே கோபம் இருக்கிறது. வரிசையாக நாலு தோல்வி. ஸ்கோர்போர்டில் அவர் பெயர் கடைசி. மாற்று ஆளிடம் பேச்சுக்கூட ஆரம்பித்திருப்பீர்கள். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஐவர் ஐவராக மோதும் இரண்டு ஆட்டங்கள், துப்பாக்கி ஆட்டமான கவுன்டர்-ஸ்ட்ரைக், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் இரண்டையும் வைத்துத்தான் பேசப்போகிறேன். மொபைல் ஆட்டக்காரர்கள் "எங்களை மறந்துட்டீங்களே" என்று சண்டைக்கு வர வேண்டாம். அங்கே எண்கள் மாறும், சிக்கல் இதேதான்.

முதலில் இந்தக் "கடுமையான பயிற்சி". மணி நேரத்தைக் கூட்டுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், கூட்டுவதற்கு மணியே மிச்சமில்லை. தென்கொரிய லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் அணியின் ஒரு நாள் ஏறக்குறைய இப்படிப் போகும்: மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கி மூன்று ஸ்க்ரிம் (வேறு அணியோடு ஆடும் பயிற்சி ஆட்டம்), சாப்பாடு, இரவு ஏழு மணிக்கு மேல் இன்னும் மூன்று ஸ்க்ரிம், அதற்குப் பிறகு அதிகாலை இரண்டு மூன்று மணி வரை தனி ரேங்க் ஆட்டம். இதில் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்தால் அது தூக்கத்திலிருந்துதான் வரும். தூக்கம் குறைந்தவனுக்குக் கை ஓடும், கண் ஓடாது. மினிமேப்பைப் பார்ப்பது குறையும், சக ஆட்டக்காரன் சொன்னது காதில் விழுந்தும் மண்டையில் ஏறாது. உடனே "இவன் இன்னும் மட்டமாகிவிட்டான்" என்று இன்னொரு மணி நேரம் கூட்டுவார்கள்.

இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பெரிய பெயர்களே சாட்சி. சீன லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் வீரர் 'ஊஸி' 2020 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது வயது 23; காரணமாகச் சொன்னது இரண்டாம் வகை நீரிழிவு. அதற்கு முந்தைய மாதம் அஸ்ட்ராலிஸ் என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் அணியின் 'கிளேவ்', 'ஸிப்னைன்' இருவரும் மன அழுத்தத்தால் விடுப்பு எடுத்தார்கள். நான்கு மேஜர் (கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் உச்சப் போட்டி) வென்ற அணியின் தலைவரும் அவருடைய கூட்டாளியும். அஸ்ட்ராலிஸ் அவர்களைத் தூக்கவுமில்லை, இழுத்து உட்கார வைக்கவுமில்லை. ஓய்வு கொடுத்தது. அதே ஆண்டு இருவரும் திரும்பி வந்தார்கள்.

இனி "சரியாக ஆடவில்லை" என்ற முதல் பாதி. அதை எப்படி முடிவு செய்தீர்கள்? பத்து மேப்பில் (ஒரு களத்தில் ஆடும் ஒரு முழு ஆட்டம்) ரேட்டிங் விழுந்தது என்றா? ஒரு சின்னக் கணக்கு. உங்கள் என்ட்ரி வீரர், அதாவது முதலில் உள்ளே பாய்கிறவர், மேப்புக்கு மூன்று முதல் மோதல் எடுக்கிறார் என்று வையுங்கள். பத்து மேப்புக்கு 30. பாதிக்குப் பாதி ஜெயிக்கிறவருக்கு 15 வர வேண்டும், 12 வந்தது. நாணயத்தை 30 முறை சுண்டிப் பாருங்கள். 12 அல்லது அதற்கும் குறைவாகத் தலை விழுவதற்கு ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது ஒன்றுமே மாறாமல், ஐந்தரை தடவைக்கு ஒரு தடவை அவர் "ஃபார்ம் போனவர்" போலத் தெரிவார். இந்த மாதிரி மூன்று மோதலுக்காக ஒரு பையனின் ஒப்பந்தத்தைக் கிழிக்கிறார்கள். 30 மேப்பாவது பாருங்கள், அதுவும் போட்டி மேப்புகள். ஸ்க்ரிம் எண்ணை நம்ப வேண்டாம்; எதிரணி அங்கே தன் நல்ல சரக்கை வெளியே எடுக்காது.

ஸ்கோர்போர்டு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, அது செய்கிற அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மிராஜ் மேப்பில், எதிரணி வெடிகுண்டு வைக்க வரும் பி தளத்தைத் தனியாகக் காக்கிற ஆங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி ஐந்து பேரும் அப்பார்ட்மென்ட்ஸ் வழியாக வருகிறார்கள். அவர் வேன் பக்கம் நின்று வாசலில் தீயைப் போடுகிறார். அவர்கள் அதன் மேல் ஸ்மோக் போட்டு அணைக்கிறார்கள். அவர் இரண்டு குண்டு சுட்டு இடம் மாறுகிறார், கண்ணைக் கூசவைக்கும் ஒரு ஃப்ளாஷ் போடுகிறார், எட்டு நொடி இழுக்கிறார், சாகிறார். அந்த எட்டு நொடியில் மார்க்கெட் வழியாக ஒருவரும் மிட் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்து சேர்ந்து தளத்தைத் திருப்பி எடுக்கிறார்கள். ரவுண்டு நமக்கு. ஆங்கர் கணக்கில் பூஜ்யம் கில், ஒரு சாவு. இதுதான் அவர் வேலை. நாள் பூராவும் இப்படித்தான் போகும். கில் கணக்கில் வரிசைப்படுத்திய பலகையில் அவர் அடியில்தான் இருப்பார். கீழே சாட்டில் ஆயிரம் பேர் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கத்துவார்கள்.

ஆகவே டெமோவை, அதாவது ஆட்டத்தின் பதிவைத் திறக்க வேண்டும், முழுதாகப் பார்க்க வேண்டாம். கடைசிப் பத்து போட்டி மேப்புகளில் அவர் செத்த இடங்களை மட்டும் பாருங்கள். 130, 140 வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து நொடி ஓட்டி நான்கில் ஒரு கட்டத்தில் கோடு போடுங்கள். நேருக்கு நேர் சுட்டுத் தோற்றார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றார். வர வேண்டிய ஃப்ளாஷோ, கூட வர வேண்டிய ஆளோ வரவில்லை. திட்டமே அவரைச் சாக அனுப்பியது. ஒரு மேப்புக்கு அரை மணி நேரம் ஆகும், மொத்தம் ஐந்து மணி நேர வேலை. பின்னால் சொன்ன இரண்டு கட்டங்களில் பாதிக்கு மேல் விழுந்தால் உங்களுக்கு வீரர் சிக்கல் இல்லை, தலைவர் சிக்கல் அல்லது கோச் சிக்கல். ஆளை மாற்றினால் புதியவரும் அதே இடத்தில் சாவார். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் இதையே 15-வது நிமிடத் தங்க வித்தியாசத்தை (எதிராளியைவிட எவ்வளவு ஆட்டப் பணம் கூட, குறைவு என்பதை) வைத்துச் செய்யலாம். ஆனால் ஜங்ளர் (காட்டுப் பகுதியில் சுற்றி மற்றவர்களுக்கு உதவுகிறவர்) எந்தப் பக்கம் இருந்தார், எந்த சாம்பியன் (ஆடும் பாத்திரம்) கையில் கொடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அது இல்லாமல் அந்த எண் வெறும் பழிபோடும் எண்.

முதல் இரண்டு கட்டத்தில் விழுந்தால் பயிற்சி உதவும். ஆறு வாரம், ஒரே ஒரு குறை. "நிற்கிற இடம்" என்றால் அது மட்டும். தினமும் ஸ்க்ரிமில் ஒரு மேப்பைக் குறைத்து, அந்த நேரத்தில் அவருடைய பார்வையிலேயே முந்தின நாள் டெமோ ஒரு மணி நேரம், கோச் பக்கத்தில் உட்கார்ந்து. கை சூடேற்ற அரை மணி நேர டெத்மாட்ச் போதும், இரண்டு மணி நேரம் வேண்டாம். கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: மூன்று குறையை ஒரே வாரத்தில் சொல்வது, நடுவில் ரோலையும் மாற்றிவிடுவது, இரண்டாவது வாரமே ரேட்டிங் பார்ப்பது. முதல் மூன்று வாரம் எண் இன்னும் விழும். பழைய பழக்கம் போய்ப் புதியது ஒட்டுகிற இடைவெளியில் ஒவ்வொரு மோதலிலும் ஒரு நொடி யோசிப்பார். அந்த நேரத்தில் பயந்து நிறுத்தினால் இரண்டும் கெட்டான்.

இனி எல்லாரும் கேட்கிற உதாரணம், தென்கொரிய லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் அணியான டி1-இன் 'குமாயூசி'. 2023, 2024 இரண்டு உலகக் கோப்பையிலும் அவர்தான் பாட் லேன் (கீழ்ப் பாதையில் ஆடும் வீரர்). 2025 தொடக்கத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்து, கீழணியிலிருந்து வந்த 'ஸ்மாஷ்' என்ற இளைஞரை ஆட விட்டார்கள். அந்த ஆண்டு விதியும் மாறியிருந்தது. ஃபியர்லெஸ் டிராஃப்ட்: தொடரில் ஒருமுறை யார் எடுத்த சாம்பியனையும் இரு அணியும் மறுபடி எடுக்க முடியாது. ஐந்தாவது ஆட்டத்துக்கு வருவதற்குள் 40 சாம்பியன்கள் போயிருக்கும். நாலு சாம்பியனைப் பிரமாதமாக ஆடுகிறவரைவிட எட்டு சாம்பியனைச் சுமாராக ஆடுகிறவருக்கு மதிப்பு கூடுகிற காலம். இந்த மாதிரி விதி மாற்றம் வந்தால் நேற்றைய ரேட்டிங்கை வைத்து யாரையும் எடை போட முடியாது.

அவர் விற்கப்படவில்லை. ஏப்ரலில் திரும்ப வந்தார். அக்டோபரில் டி1 நேரடியாக நுழைய முடியாமல் இன்விக்டஸ் கேமிங்கை 3-1 என்று வென்றுதான் உலகக் கோப்பையின் முதன்மைச் சுற்றுக்கே போனது. நவம்பரில் செங்டுவில் கே.டி. ரோல்ஸ்டருடன் இறுதி ஆட்டம் ஐந்து வரை இழுத்தது, 3-2 என்று டி1 வென்றது. இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் குமாயூசி. ஆண்டின் தொடக்கத்தில் பெஞ்சில் இருந்தவர்.

"அப்போ பெஞ்ச் பண்ணினதாலதான் திருந்தினார்" என்று ஒரு கூட்டம் வரும், "பெஞ்ச் பண்ணாம இருந்தா இன்னும் முன்னாடியே ஜெயிச்சிருப்பாங்க" என்று இன்னொரு கூட்டம் வரும். இரண்டையும் நிரூபிக்க முடியாது, நானும் முயலவில்லை. ஸ்மாஷ் மோசமானவர் என்றும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். நான் காட்டுவது ஒன்றுதான்: திரும்பி வரும் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தூக்கி விற்றிருந்தால் நவம்பரில் அந்த ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தின் கவுன்டர்-ஸ்ட்ரைக் அணி என்ஸ். 2019 மார்ச்சில் கடோவிட்ஸே மேஜரில் இறுதி வரை வந்த அணி. அதன் ஐ.ஜி.எல். (ஆட்டத்துக்குள் உத்தரவு சொல்லும் தலைவர்) 'அலெக்சிப்'. ஐ.ஜி.எல். என்றால் சுடுவதைவிடப் பேசுவது அதிகம், அவருடைய கில் எண்கள் எப்போதும் சுமார்தான். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவரை மாற்றப்போவதாக அறிவித்து, சுடுவதில் கெட்டிக்காரரான 'சன்னி'யைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அந்த ஐவர் அணி மேஜர் இறுதிப் பக்கமே போகவில்லை. அலெக்சிப் 2024 மார்ச்சில் நாவி அணியின் தலைவராக கோபன்ஹேகனில் மேஜர் கோப்பையைத் தூக்கினார். ஐ.ஜி.எல்லை எடுத்தால் ஒரு ஆள் போவதில்லை. மேப்புக்கு மேப் அவர் எழுதிய திட்டங்கள், மூன்றாவது ரவுண்டில் பணம் இல்லாதபோது யார் யாருக்குத் துப்பாக்கி போடுவது என்ற பழக்கம், எல்லாம் கூடவே போகும். திரும்ப எழுத இரண்டு மாதம் ஆகும். அதற்குள் சீசன் முடிந்திருக்கும்.

இன்னொரு செலவையும் கணக்கில் எடுங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தரவரிசைப் புள்ளிகள் ஐவரில் மூவர் சேர்ந்திருந்தால்தான் நிற்கும். ஒருவரை மாற்றும்போது வலிக்காது. அடுத்த மாதம் இன்னொருவர், அதற்கடுத்து மூன்றாமவர் என்று கை அரித்தால், ஒரு நாள் காலையில் பழைய புள்ளிகளில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் நீக்கவே கூடாதா? நீக்கலாம், சில சமயம் நாளைக்கே நீக்க வேண்டும். தன் சாவை டெமோவில் காட்டியும் நான்கு வாரமாக அடுத்தவன் மேலேயே பழி போடுகிறவர். ரவுண்டு நடுவில் மௌனமாகிவிடுகிறவர். இது திட்டுகிறவரைவிட ஆபத்து, ஏனென்றால் நான்கு பேர் குருடாக ஆடுவார்கள். ஆறு வாரம் ஒரே குறையில் உழைத்தும் கோடுகள் அதே கட்டத்திலேயே விழுகிறவர். இவர்களுக்கு இன்னும் பயிற்சி என்பது இரக்கமில்லை, இழுத்தடிப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. பெஞ்சில் உட்கார வைக்கும்போது ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? பல அணிகளில் ஒரே கதைதான்: ஆட விடுவதில்லை, சம்பளம் குறையும், வேறு அணி கேட்டால் யாரும் கொடுக்க முடியாத விடுவிப்புத் தொகையைச் சொல்வார்கள். பையன் 20 வயதில் எட்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இந்த விளையாட்டில் எட்டு மாதம் என்பது இரண்டு பெரிய பேட்ச் (விளையாட்டைத் திருத்தும் புதுப்பிப்பு), ஒரு மேப் மாற்றம். வெளியே வரும்போது அவன் உண்மையிலேயே மட்டமான ஆட்டக்காரனாக வருவான். அதைக் காட்டி "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்பார்கள். எரிச்சலாக வருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: 90 நாளுக்கு மேல் ஆட விடாவிட்டால் விடுவிப்புத் தொகை பாதியாகும், 180 நாளானால் ரத்து. அணி நடத்துகிறவராக உங்களுக்கு இது கசக்கலாம். ஆனால் நல்ல வீரர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.

உட்கார வைப்பதாக முடிவு செய்தால் சமூக ஊடகப் பதிவுக்கு முன் நேரில் சொல்லுங்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை கோடு என்ற அந்தத் தாளோடு. ஸ்க்ரிமில் வாரத்துக்கு ஒரு பிளாக்காவது அவரையே ஆட விடுங்கள், குரல் சேனலிலிருந்து வெளியேற்றாதீர்கள். எந்தத் தேதியில் மறுபடி பேசுவீர்கள் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 140 சாவுகளை இந்த வாரமே பார்த்து முடியுங்கள். எக்செல் கூட வேண்டாம், நாலு பத்தி போட்ட நோட்டுப் புத்தகம் போதும். ஐ.ஜி.எல்லைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் கோடு ஏற ஏற அவர் முகம் போகிற போக்கையும் கொஞ்சம் கவனியுங்கள்.