டெட்டோலை முதலில் நிறுத்துங்கள்

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு வாசகர், வயது 36, வயல் வேலை. நாலு மாதமாக விதைப்பையில் கடி, இரவில் தாங்க முடியவில்லையாம். தோல் தடித்துச் செதிலும் விழுகிறது. பாமசியில் வாங்கிய கிறீம் பூசினால் ரெண்டு நாளில் அடங்கி, விட்டதும் திரும்ப வருகிறது. நாளுக்கு ரெண்டு தரம் டெட்டோல் கலந்த சுடுதண்ணீரில் கழுவுகிறார். மனைவிக்குத் தொற்றுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது கரப்பன், அதாவது எக்சிமா போலத்தான் இருக்கிறது. அது தொற்றாது. படர்தாமரை என்றால் பெரும்பாலும் தொடையிடுக்கில் வளையம் போல விளிம்பு கட்டிப் பரவும், விதைப்பையை அவ்வளவாகத் தொடாது. வீட்டில் மற்றவர்களும் இரவில் சொறிகிறார்களா, விரலிடுக்கில் பரு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது சிரங்காக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

இப்போது அந்த டியூப். பூஞ்சணம், கிருமி, கடி மூன்றுக்கும் ஒரே மருந்து என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீரொய்ட் இருக்கும். முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீரொய்டையே 40 மடங்குக்கும் மேல் உறிஞ்சும் என்று 1967இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, மருந்தை விட்டதும் எரியத் தொடங்கும், நீங்களோ நோய் கூடிவிட்டது என்று திரும்பவும் பூசுவீர்கள்.

டெட்டோல், வாசச் சவர்க்காரம், பவுடர், வேப்பிலை மஞ்சள் அரைப்பு எல்லாவற்றையும் விடுங்கள். பச்சைத் தண்ணீர் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாசனை இல்லாத வாசலினை மெல்லிசாகப் பூசுங்கள் (ஆணுறை பாவிப்பவர் என்றால் கவனம், வாசலின் அதைக் கிழியவைக்கும்). வயலில் நனைந்த உடுப்போடு மத்தியானம் வரை நிற்காதீர்கள், வீட்டில் பருத்திச் சாரம் நல்லது. கடி எழும்பினால் சொறியாமல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வையுங்கள்.

டொக்டர் பார்த்து எக்சிமாதான் என்று சொன்னால் 1% ஹைட்ரோகோர்ட்டிசோன் ஒரு வாரம் அளவில் தருவார், நீங்களாக நீட்ட வேண்டாம். புண், சீழ், கொப்புளம், கட்டி இருந்தால் காத்திருக்காதீர்கள். முன்தோலும் சிவந்து வெள்ளை படிந்தால் இரத்தத்தில் சீனியையும் சோதியுங்கள்.

வெட்கத்தில் நாலு மாதம் போனது போதும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை தோல் கிளினிக்கில் இதை வழக்கமாகப் பார்க்கிறார்கள். போகும்போது அந்த டியூப்பையும் கொண்டு போங்கள், “வெள்ளை டியூப், நீலக் கோடு” என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.