இணையத்தில் எங்கே போய்ப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு முகத்துவாரம் மாரியில் எப்போது உடைக்கிறது, பிறகு எப்போது மணல் மூடுகிறது என்பதை வருடாவருடம் ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் வழி உண்டா? கூகுள் ஏர்த்தில் எப்போது பார்த்தாலும் ஒரே படம்தான் இருக்கிறது. (வாசகர், கல்லடி)

பதில்: உண்டு, அதுவும் இலவசமாக. கூகுள் ஏர்த் முகில் இல்லாத நல்ல படங்களைத் தெரிந்தெடுத்து ஒட்டித் தருகிறது. குறித்த ஒரு கிழமையில் என்ன நடந்தது என்பதை அதில் தேடிப் பயனில்லை. நீங்கள் போக வேண்டிய இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் பிரவுசர். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் கூகுளில் போட்டால் முதலில் வரும். கைபேசியில் அவதிப்படாமல் கணினியில் திறவுங்கள்.

மட்டக்களப்பைத் தேடி, கல்லடிப் பாலம் தெரியும்வரை பெருப்பித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு நாட்காட்டி இருக்கும். அதில் சென்டினல்-2 என்ற செய்மதியைத் தெரிவுசெய்தால் 2015இலிருந்து இன்றுவரையான படங்கள் கிடைக்கும்: தொடக்க வருடங்களில் இடைவெளி கூட, பிறகு ஏறக்குறைய 5 நாட்களுக்கு ஒன்று. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். தோணி தெரியாது, மணல்திட்டு நன்றாகத் தெரியும். சாதாரண நிறத்தில் ஈரமணலும் கலங்கல் தண்ணீரும் ஒன்றுபோல் மயக்கும். 'ஃபோல்ஸ் கலர்' என்பதை அழுத்துங்கள்: தண்ணீர் கறுத்துப்போகும், மணல் வெளிறி நிற்கும், மரஞ்செடி சிவப்பாகத் தெரியும். வாய் திறந்திருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் அதோடு தீரும்.

சிக்கல் மாரியில்தான். ஆற்றுவாய் உடைக்கிற அதே நாட்களில் வானம் முழுக்க முகில். அப்போது சென்டினல்-1க்கு மாறுங்கள். அது ராடார் செய்மதி. முகிலையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும். அசையாத தண்ணீர் அதில் கறுப்பு, கட்டடங்கள் பளிச்சென்ற வெள்ளை. ஆனால் இரண்டு இடத்தில் ஏமாந்துபோவீர்கள். காற்றடித்துக் கொந்தளிக்கும் கடல் சாம்பல் நிறமாகி, தரைபோலத் தோன்றும். விதைப்புக் காலத்தில் தண்ணீர் கட்டிய வெள்ளாமை வயலும் கறுப்பாகவே விழும். அதை வெள்ளம் என்று எடுத்துவிடக் கூடாது. அதனால் ஒற்றைப் படத்தை நம்பாமல் முன்பின் படங்களோடு சேர்த்துப் பாருங்கள். செய்மதி நாள்தோறும் வருவதில்லை என்பதால் உடைத்த அதே நாளும் கிடைக்காது. மூடியிருந்த கடைசிப் படத்தின் திகதியையும் திறந்திருந்த முதற் படத்தின் திகதியையும் குறித்து வையுங்கள், உடைத்தது இடைப்பட்ட நாட்களில். இப்படிப் பத்து வருடத்துக்குக் குறித்தால், வாவியை அண்டி வாழும் மீனவருக்கும் விவசாயிக்கும் பயன்படும் பதிவேடு ஒன்று உங்கள் கையில் இருக்கும். வாவிக்கரைப் பாடசாலைகள் இதை மாணவர் செயற்றிட்டமாகவே எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய ஆண்டு மலர்களை நூலகம் இணையத்தளத்தில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. உண்மையிலேயே இல்லையா, நான் தேடும் விதம் பிழையா? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: முதலில் தேடும் விதத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் மலர்களுக்கும் இன்று நமக்கிருக்கும் மிகப் பெரிய எண்ணிம இருப்பு. ஆங்கிலத்தில் முகவரியை அடிக்கும்போது நடுவில் 'ஜி' போடுகிறவர்கள் பலர். அங்கே வருவது 'எச்'. கடைசியில் டொட் ஓர்க்.

அங்குள்ள பக்கங்கள் ஸ்கான் செய்த படங்கள். ஆகவே மலருக்குள்ளே இருக்கும் ஒரு வரியையோ மாணவரின் பெயரையோ தேடுபெட்டியில் போட்டால் பெரும்பாலும் அகப்படாது. தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாண்டு ஆகியவை தட்டெழுதப்பட்டவை. பல ஆவணங்களுக்கு 'உள்ளடக்கம்' என்ற பட்டியலும் தட்டெழுதப்பட்டிருக்கிறது. அதில் கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் இருப்பதால் அந்த வழியாகப் பிடிக்கலாம். தலைப்பெழுத்துகளை விட்டுவிடுங்கள்: வி. சீ. கந்தையாவை 'கந்தையா' என்று மட்டும் தேடுவது நல்லது, புள்ளியும் இடைவெளியும் ஒவ்வொரு பதிவிலும் மாறும். பாடசாலையின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். மகா வித்தியாலயம், மத்திய கல்லூரி, பழைய மிசன் பெயர் என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் நூலகத்தின் முகவரியைச் சேர்த்து, பின் ஊரின் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.

இவ்வளவு செய்தும் இல்லையென்றால் அந்த மலர் அங்கே சேரவில்லை என்று கொள்ளலாம். வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி இருந்தால் கறையான் தின்ன விடாமல் அவர்களுடன் தொடர்புகொண்டு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கடலுக்குப் போகிறவர்கள் காற்றையும் அலையையும் காட்டும் விண்டி தளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதை எவ்வளவு நம்பலாம்? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் நன்றாகவே உதவும். அது காட்டுவது கணினி மாதிரியொன்றின் கணிப்பு. கடலில் அந்த நேரம் யாரும் அளந்த காற்று அல்ல. ஐரோப்பிய மாதிரி 9 கிலோமீற்றர் கட்டங்களாகக் கணக்கிடுவதால் கரையோரக் காற்றும் திடீரென எழும் இடிமின்னல் சுழற்காற்றும் அதற்குள் அடங்குவதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை தரும் ஆபத்து அதனால்தான் அதில் தெரியாமலே போகிறது.

இடத்தைத் தொட்டதும் கீழே வரும் அட்டவணையில் சராசரிக் காற்றை மட்டும் பார்க்காமல் அதன் கீழுள்ள வீச்சுக் காற்றையும் பாருங்கள். வள்ளத்தைப் புரட்டுவது அதுதான். 1 நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். அலை உயரம் 1.5 மீற்றர் என்றால், அது வரும் அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடைக்கிடை அதைப்போல் இரண்டு மடங்கு அலையும் எழும். ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் அன்றைய கணிப்பே உறுதியில்லாதது. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால் விண்டியை மூடிவைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். ஆய்வுகூடத்தில் உபகரணம் போதாது. இணையத்தில் செய்து பார்க்க வழி உண்டா? (மாணவி, அக்கரைப்பற்று)

பதில்: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்துக்குப் போங்கள், பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடக்கியது. தமிழிலும் பல செயல்விளக்கங்கள் உண்டு. நேரோட்டச் சுற்று அமைக்கும் பகுதியில் மின்கலத்துக்கு முதலில் அகத்தடை இருக்காது. அதனால் பாடப்புத்தகக் கணக்கோடு விடை பொருந்தவில்லை என்று குழம்புவார்கள். 'அட்வான்ஸ்ட்' என்பதைத் திறந்து அகத்தடையைக் கூட்டி, சுமைத் தடையை மாற்றி மாற்றி வோல்ட்டளவும் ஓட்டமும் குறித்து வரைபு வரையுங்கள். சாய்வுவிகிதத்தின் பருமன்தான் அகத்தடை. டேட்டா குறைவென்றால் அந்தச் செயல்விளக்கத்தை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணைப்பில்லாமலே வேலை செய்யும்.

கேள்வி: பறவைகளின் குரலைக் கேட்டு அடையாளம் காண ஒரு தளம்? (வாசகர், பொத்துவில்)

பதில்: சீனோ-கான்டோ. உலகெங்கும் பதிந்த குரல்கள், தரவரிசை ஏ முதல் ஈ வரை. நாட்டை இலங்கை என்று தெரிவுசெய்து, ஏ தரத்தை மட்டும் கேளுங்கள். மற்றவற்றில் காற்றிரைச்சல் கூட. ஆறுமணிக் குருவியில் தொடங்கலாம்: ஐப்பசி அளவில் வந்து சித்திரைவரை நிற்கும் வலசைப் பறவை, விடியவும் பொழுதுபடவும் கூவும். குரலோடு வரும் அலைவரைபடத்தையும் பாருங்கள், கண்ணில் பதிந்தால் காதுக்கு இலகு. குமண பறவைகள் சரணாலயப் பக்கம் போகும்போது பதிவைச் சத்தமாகப் போட்டுப் பறவையை அழைக்காதீர்கள். போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று எண்ணி இரையையும் கூட்டையும் விட்டு அலைந்துபோகும்.