காஸ்ப்ளே: கேள்வி நேரம்

கேள்வி: காஸ்ப்ளே, அதாவது கதைப் பாத்திரங்களைப் போல உடுத்தி வேடமிடுவது, ஜப்பானியச் சரக்குதானே? மற்ற நாட்டு இளைஞர்களிடம் எப்படி ஒட்டிக்கொண்டது?

பதில்: முழுக்க ஜப்பானுடையது அல்ல. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே அமெரிக்க ரசிகர்கள் ஃபாரஸ்ட் அக்கர்மனும் மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்தார்கள், தைத்தவர் டக்ளஸ். ஜப்பானிய ரசிகர்களுக்குக் களமானது 1975இல் டோக்கியோவில் தொடங்கிய காமிக்கெட், ரசிகர்களே வெளியிடும் காமிக்ஸ்களின் சந்தை. பல நாட்டவர் போட்டியிடும் நகோயாவின் உலகக் காஸ்ப்ளே மாநாடு 2003இல் பிறந்தது. ஆனால் மேடையும் பரிசும் ஆர்வத்தைத் தூண்டும், அவ்வளவே. ரெடிமேட் உடை வாங்கிப் போடும்வரை அது இறக்குமதிதான். தையல் தெரிந்தவர், பெயின்ட் அடிப்பவர், படமெடுப்பவர் என்று நாலு பேர் கூடி வேலை செய்யத் தொடங்கினால் உள்ளூர்ப் பழக்கமாகிவிடும். சொந்தக் கதைகளின் பாத்திரங்களும் பின்னாலேயே வந்துவிடும்.

கேள்வி: ஈவா ஃபோமில் (மெத்தென்ற, வளையும் நுரைத் தகடு) தோள்கவசம் செய்தேன். ஒரே நாளில் பெயின்ட் வெடித்து, ஒட்டும் விட்டுப்போனது. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 நிமிடம், காயவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் கரைப்பான் உள்ளேயே சிக்கி, பிடிப்பு வராது. மழுங்கிய பிளேடு விளிம்பைப் பிய்க்கும். பிய்ந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெயின்ட்டுக்கு வருவோம். ஃபோமின் நுண்துளைகள் பெயின்ட்டைக் குடித்துவிடும். அவற்றை மூட, ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) நிறுத்தாமல் ஓட்டி, மேற்பரப்பு லேசாக மினுங்கியதும் நகர்ந்துவிடுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் சுருங்கிக் கருகும். சூடாக இருக்கும்போதே வளைத்து, ஆறும்வரை பிடியுங்கள். வளைவு வேலையை முடிக்காமல் பெயின்ட்டைத் தொடாதீர்கள். வளைத்த ஃபோமின்மேல் ரப்பர் வகை ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), மெல்லிசாக 3 அல்லது 4 பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. கடைசியில் அக்ரிலிக் பெயின்ட். இறுகிக் காயும் ஸ்ப்ரே பெயின்ட்டை நேரடியாக அடித்தால் கை தூக்கும்போதெல்லாம் வெடிக்கத்தான் செய்யும். 10 மி.மீ. ஃபோம் கவசத்துக்கு, 2 மி.மீ. அலங்காரத்துக்கு. தோளில் ஒரே துண்டாகச் செய்யாமல் இரண்டாக வெட்டி எலாஸ்டிக்கால் இணைத்தால் பாதித் தொல்லை தீரும். சிமென்ட் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. ஜன்னலைத் திறந்து, ஆவி வடிகட்டி பொருத்திய மாஸ்க் போடுங்கள்.

கேள்வி: காருக்குள் வைத்த 3டி பிரின்ட் வாள் வளைந்துவிட்டதே?

பதில்: பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருப்பீர்கள். அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகும்; வெயிலில் மூடிய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பி.இ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். வாள் விறைப்பாக நிற்க, நடுவில் பி.வி.சி. குழாய் செருகுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பல நிகழ்ச்சிகளில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.