அம்மாவின் நினைவாக ஆய்வுக்குப் பணம் தரலாமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் டிமென்ஷியா என்னும் மறதிநோயால் துன்புற்ற எங்கள் அம்மா சென்ற ஆண்டு மறைந்தார். கடைசி நாட்களில் எங்களையே யார் என்று கேட்டார். அவர் நினைவாக நானும் தம்பியும் இந்நோய் குறித்த பல்கலைக்கழக ஆய்வுக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுக்க எண்ணுகிறோம். கோடிகள் புழங்கும் இடத்தில் இந்தத் தொகையால் பயன் உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயம் உண்டு, ஆனால் எந்தச் செலவுக்கென்று கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பயன் அமையும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் அவர் மனைவி சுதாவும் 2014-இல் தங்கள் அறக்கட்டளை வழியாக அளிக்க முன்வந்த 225 கோடி ரூபாயால் உருவானது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது இம்மையத்தின் இலக்கு. மறதி வெளியில் தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுவதால்தான் நடுவயதினரையும் சேர்க்கிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும் மேல்நாட்டு மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைகள். பள்ளிக்கூடமே போகாத மூதாட்டி அவற்றில் தவறினால், அது நோயா, படிப்பின்மையா என்று எப்படிச் சொல்வது? எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும் சோதனைகளை நம் மொழிகளில் அமைத்து, அதே மனிதர்களிடம் திரும்பத் திரும்பச் சென்று நடத்த வேண்டியிருக்கிறது. அரசின் திட்ட நிதியோ பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். அந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்களின் பணம் அருமையாகிறது.

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் வைப்புநிதியாகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏழு விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 14,000 ரூபாய்தான் வரும். அதைக் கொண்டு அம்மா பெயரில் ஒரு பரிசு வழங்கலாமே தவிர, ஆய்வு நடக்காது. முழுத் தொகையையும் களப்பணிக்கோ, ஓர் ஆய்வு மாணவரின் ஓராண்டுச் செலவுக்கோ ஒதுக்குமாறு எழுத்தில் கேளுங்கள். கட்டடத்துக்கோ பொது நிதிக்கோ மாற்றக்கூடாது என்பதையும் அக்கடிதத்திலேயே குறிப்பிட்டு, பல்கலைக்கழகப் பதிவாளரின் ஒப்புதல் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்துங்கள்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது.