நைக்கான்: மூன்று கேள்விகள், கேட்காத நாலாவது

கேள்வி: சார், நைக்கான் என்பது தியானமா, கவுன்சலிங்கா?

பதில்: இரண்டிலும் அடங்காது. ஜப்பானின் நாரா மாகாணத்தைச் சேர்ந்த யோஷிமோட்டோ இஷின் (1916–1988) உருவாக்கிய, தன் வாழ்க்கையைத் தானே உள்ளே திரும்பிப் பார்க்கும் முறை இது. ஜோடோ ஷின்ஷூ பௌத்தத்தின் ஒரு சிறு பிரிவில் 'மிஷிராபே' என்ற கடும் பயிற்சி இருந்தது. சோறு, தண்ணி, தூக்கம் மூன்றையும் விட்டுவிட்டு, இப்போதே செத்தால் என் கதி என்ன என்று தன் வாழ்க்கையைத் துருவிப் பார்க்க வேண்டும். யோஷிமோட்டோ பலமுறை முயன்று 1937-இல் அதில் தேறினார். பிறகு பட்டினியையும் மதத்தையும் கழற்றிவிட்டு, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு வாரப் பயிற்சியாக மாற்றினார். மனுஷர் செயற்கைத்தோல் வியாபாரி. 1953-இல் தொழிலை விட்டு, நாராவிலுள்ள யாமாதோ-கோரியாமா ஊரில் பயிற்சி மையம் வைத்தார். இந்த முறையில் வரவு செலவு பார்க்கும் வாடை அடிப்பது அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: அந்த ஒரு வாரம் என்னதான் நடக்கும்?

பதில்: அறை மூலையில் மடக்குத் தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். அதற்குள் காலை 5 மணி வாக்கில் உட்கார்ந்தால் இரவு 9 வரை அங்கேதான். சாப்பாடும் உள்ளேயே வரும். போன், புத்தகம், அரட்டை கிடையாது. ஒருவரை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அம்மா, வயது வாரியாக மூன்று கேள்விகள்: அவரிடமிருந்து என்ன பெற்றேன்? திரும்ப என்ன செய்தேன்? என்ன தொல்லை கொடுத்தேன்? நேரத்தில் பாதிக்கு மேல் மூன்றாவதற்குப் போக வேண்டும்.

ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து, தரையில் மண்டியிட்டு வணங்கி, தட்டியைத் திறந்து "யாரைப் பற்றிப் பார்த்தீர்கள், எந்த வயது?" என்பார். "அம்மா. நாலாம் வகுப்பு. எனக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க விழித்திருந்தாள். நான் எதுவும் செய்யவில்லை. டிபன் பிடிக்கவில்லை என்று டப்பாவை வீசினேன்" என்கிற மாதிரி பதில் இருக்க வேண்டும். "அம்மா ரொம்ப நல்லவள்" என்றெல்லாம் சொன்னால் கணக்கில் வராது. வழிகாட்டி விளக்கமும் சொல்லமாட்டார், ஆறுதலும் சொல்லமாட்டார். நன்றி சொல்லி, அடுத்து எந்த வயது என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி: "அவர் எனக்குக் கொடுத்த தொல்லை என்ன?" என்ற கேள்வியே இல்லையே! அநியாயமில்லையா?

பதில்: வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். அந்த நாலாவது கேள்விக்கு நமக்குப் பயிற்சி தேவையில்லை; பஸ்ஸில் போகும்போதுகூட மனசு அதைத்தான் அசைபோடுகிறது. ஆனால் பெற்றவர் கையாலேயே கொடுமை அனுபவித்தவரிடம் இதை அப்படியே நீட்டுவது தப்பு. அவர்களுக்குப் பாட்டி, டீச்சர் என்று வேறொருவரிடமிருந்து தொடங்குவதே முறை. அடித்தவரின் குற்றம் இதனால் குறைந்துவிடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: குடிநோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் பயன்படுத்துகிறார்களாமே?

பதில்: ஆமாம். நாராவின் இளங்குற்றவாளிகள் சிறையில் 1954-லேயே தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஜப்பானின் மற்ற சிறைகளுக்கும் போனது. குடிநோயாளியிடம் இதுவரை குடித்த காசைக் கூட்டிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அறிவுரைக்கு அசையாத ஆளை அந்தத் தொகை சில சமயம் அசைத்துவிடும்.

கேள்வி: மேற்கு நாடுகளில் இது எடுபட்டதா? அங்கே குற்றவுணர்ச்சியையே நோய் என்பார்களே.

பதில்: ஆஸ்திரியாவில் 1980-இல் முதல் நைக்கான் வாரம் நடந்தது. அங்கும் ஜெர்மனியிலும் மையங்கள் வந்தன. ஒரு வாரம், தட்டி, மூன்று கேள்வி எல்லாம் பெரும்பாலும் அப்படியே. அமெரிக்காவில் கதை வேறு. டேவிட் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இதை மோரிட்டா சிகிச்சையோடு (மனசில் வருவதை அப்படியே ஏற்றுக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லும் இன்னொரு ஜப்பானிய முறை) சேர்த்து அன்றாட வாழ்க்கைப் பயிற்சியாக்கினார். வீட்டிலேயே நோட்டில் எழுதும் வழக்கம் அங்கே பரவியது.

குற்றவுணர்ச்சி பற்றி நீங்கள் கேட்டது சரியான இடம். இதில் குற்றம் தனியாக வருவதில்லை. இவ்வளவு தொல்லை கொடுத்தும் என்னைக் கைவிடவில்லையே என்ற நினைப்போடு சேர்ந்து வருகிறது. அதனால்தான் முதல் கேள்வி முதலில் இருக்கிறது. ஆனால் "பெற்றோருக்கு அடங்கிப் போ என்று பழக்குகிறது" என்ற விமர்சனத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. என் வருத்தம் வேறு: கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்டியிட்டுக் கேட்கும் அந்த ஆளை விட்டுவிட்டால், முதல் கேள்வி மட்டும் தங்கி, நன்றி டைரியாக நீர்த்துப்போகிறது. மூன்றாவது கேள்விக்குத் தனக்குத்தானே பொய் சொல்வது சுலபம். எதிரே ஒருவர் தலைகுனிந்து காத்திருந்தால் கஷ்டம்.

கேள்வி: யார் செய்யக்கூடாது?

பதில்: கடும் மனச்சோர்வில் ஏற்கெனவே தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டிருப்பவர்கள், மனச்சிதைவு தீவிரமாக இருப்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் எப்படித் தொடங்குவது?

பதில்: ராத்திரி அரைமணி நேரம், அன்றைய நாள் மட்டும், ஒரே ஒரு ஆள். தினசரி நைக்கானை யோஷிமோட்டோவே வலியுறுத்தினார். "மனைவி டீ கொடுத்தாள், டம்ளரைக் கழுவாமல் வைத்தேன்" என்ற அளவுக்குச் சின்னதாக எழுதுங்கள். எழுதியதை அவரிடம் காட்டி, "உன் லிஸ்ட் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.