தலை குனிவது குற்ற உணர்வா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய் மணிக்கு மூன்று வயது. நான் பேசும் தமிழ் அத்தனையும் அதற்குப் புரிகிறது. நான் தோல் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறார். பகலில் மணியை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போவோம். மாலையில் வந்து பார்த்தால் செருப்பு கடிபட்டுக் கிடக்கும். "யாரடா இந்த வேலையைச் செய்தது?" என்று கேட்ட மறுநொடியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறது. அதனால் இரண்டு அடி போடுகிறேன். பத்தாவது படிக்கும் என் மகள், "நீங்கள் சொல்வது ஒன்றும் அதற்குப் புரியாது அப்பா, அடிக்காதீர்கள்" என்று அழுகிறாள். யார் சொல்வது சரி?
- ஆம்பூர் வாசகர்

பதில்: ஒன்றும் புரியாது என்று உங்கள் மகள் சொல்வது சரியில்லை. அடிக்காதீர்கள் என்று அவள் சொல்வது முழுக்க முழுக்கச் சரி. கம்பைக் கீழே போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நாய்க்கு வார்த்தைகள் புரியும். அமெரிக்காவில் சேசர் என்றொரு பார்டர் கோலி இன நாய் இருந்தது. ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி மூன்றாண்டுகள் நாள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குப் பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். 1022 பொம்மைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பெயரைச் சொன்னால் குவியலில் தேடி அதை மட்டும் எடுத்து வரும். 2011-இல் இந்த ஆய்வு வெளியானது. பூனை நம்மைச் சட்டை செய்வதே இல்லை என்போம். ஆனால் அதுவும் தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019-இல் காட்டினார்கள். ஹங்கேரியில் நடந்த இன்னோர் ஆய்வு 2022-இல் வந்தது. பழகிய மொழியையும் பழகாத மொழியையும் கேட்கும்போது நாயின் மூளை வெவ்வேறு விதமாக இயங்குகிறதாம். ஒரே தெருவில் தமிழையும் உருதையும் கேட்டு வளரும் ஆம்பூர் நாய்களை நினைத்துக்கொண்டேன்.

ஆக, "மணி", "சோறு", "வெளியே போகலாமா" எல்லாம் உங்கள் மணிக்குத் தெரிந்திருக்கும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் "யாரடா இந்த வேலையைச் செய்தது?" என்பது அந்த வகைச் சொல் அல்ல. நடந்து முடிந்த ஒரு காரியத்தைப் பற்றிய விசாரணை அது. செருப்பைக் காலை பத்து மணிக்குக் கடித்திருக்கும். நீங்கள் மாலை ஆறு மணிக்கு வந்து கேட்கிறீர்கள். அந்த எட்டு மணி நேரத்தைத் தாண்டிப் பின்னால் போய், காலையில் கடித்ததையும் மாலையில் விழும் அடியையும் நாய் முடிச்சுப் போட்டுப் பார்க்காது. அது அறிவது இவ்வளவுதான்: இவர் வந்தார், குரல் உயர்ந்தது, அடி விழுந்தது.

பிறகு ஏன் தலையைத் தொங்கப்போடுகிறது என்பீர்கள். நானும் பல ஆண்டுகள் உங்களைப்போலவே அதைக் குற்ற உணர்வு என்று நம்பியவன். காட்பாடியில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஒருநாள் இரவு அச்சுக்கூலி விஷயமாகத் தொலைபேசியில் ஒருவரோடு எனக்குக் கடும் வாக்குவாதம். பேசி முடித்துத் திரும்பினால், காலடியில் படுத்திருந்த நாயைக் காணவில்லை. சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பின்னால், காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, உதட்டை நக்கிக்கொண்டு ஒடுங்கியிருந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. நீங்கள் குற்ற உணர்வு என்று சொல்கிற அதே முகம். அன்று அது எதையும் கடிக்கவில்லை, கொட்டவில்லை. நான் பேசியதில் ஒரு சொல்கூட அதற்கானது அல்ல. என் குரல் ஒன்றே போதுமாக இருந்தது. அன்று எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். நாய் தின்றதா இல்லையா என்பதைத் திரும்பி வருபவரிடம் சில முறை உண்மையாகவும் சில முறை பொய்யாகவும் சொன்னார்கள். தின்ற நாயா, தின்னாத நாயா என்பதால் அந்த முகம் மாறவில்லை. திட்டு வாங்கியபோது வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த முகம் ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. "கோபப்படாதே, நான் பணிந்துவிட்டேன்" என்று உடம்பால் கெஞ்சுவது. கெஞ்சுகிற பிராணியைத்தான் நீங்கள் அடிக்கிறீர்கள்.

அப்படியானால் குரல்தான் எல்லாமா என்றால் அதுவும் இல்லை. புடாபெஸ்ட்டில் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிப் பார்த்தார்கள்; 2016-இல் முடிவு வந்தது. பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக விழித்தது. நல்ல சொல்லை உப்புச்சப்பில்லாமல் சொன்னாலும் பயனில்லை. நாய்க்குப் பொருள்படாத சொல்லைக் கொஞ்சிச் சொன்னாலும் பயனில்லை.

நம் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதில் கவனமாக இருப்பார்கள். பொய்கைச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி மாடு வாங்க வந்த முதியவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, விலையும் படிந்த பிறகு, விற்றவரிடம் கேட்டார்: "என்ன சொல்லி ஓட்டுவீங்க? நிறுத்த என்ன சத்தம்?" விற்றவர் நாக்கைச் சொடுக்கிக் காட்டினார். முதியவர் அதே மாதிரி இரண்டு முறை சொடுக்கிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் கயிற்றை வாங்கினார். மாடு தன் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாட்டுக்குத் தெரிந்த பேச்சை அவர் கற்றுக்கொண்டார். நம் வீடுகளில் அப்பா "வாடா" என்பார், அம்மா "மணி, இங்கே" என்பார், பிள்ளைகள் "கம்" என்பார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று நாய்க்கு யார் சொன்னது? அழைக்க ஒரே சொல், தடுக்க ஒரே சொல் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். பெயரைச் சொல்லித் திட்டவே திட்டாதீர்கள். பெயரைக் கேட்டால் அது ஓடி வர வேண்டும், ஒளியக் கூடாது.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். தோல் என்பது மாட்டின், ஆட்டின் உடம்பு. அதை மெல்லத் தோன்றாத நாய் அபூர்வம். போதாததற்கு உங்கள் செருப்பில் உங்கள் வாசனையும் இருக்கிறது. நாள் முழுவதும் பூட்டிய வீட்டில், நம் வட்டாரமே கொதிக்கும் கத்திரி வெயிலில், தனியாகக் கிடக்கிற இளம் நாய்க்கு உங்கள் வாசனையுள்ள தோல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அதைக் கடித்தது குற்றமென்றால் அதில் பாதி, செருப்பை அங்கே விட்டுப் போனவருடையது.

செருப்புகளை மூடியுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். கடிப்பதற்கென்றே விற்கும் கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்கிப் போடுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் நடக்க அழைத்துப் போங்கள். கண்ணெதிரே கடித்தால் அந்த நொடியில் "வேண்டாம்" என்று ஒரு முறை சொல்லி, செருப்பை எடுத்துக்கொண்டு பொம்மையைக் கொடுங்கள். அது பொம்மையைக் கவ்வியதும் மனதாரப் பாராட்டுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாதபோது கடித்திருந்தால் பேசாமல் கூட்டித் தள்ளிவிடுங்கள்.

கட்டிலுக்கடியிலிருந்து அது வெளியே வர நாளாகும். இழுக்காதீர்கள். மகளைத் தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.