ரோபோ ஆபரேஷனா, வயித்த திறந்து செய்யுறதா? தியேட்டர் மிஸ்ஸிகிட்ட கேட்டதும் அவங்க சொன்னதும்

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. மலேசியாவுல கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, ஆபரேஷன் தியேட்டர் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா ரொம்ப வருஷம் இருந்தேன், கடைசி சில வருஷம் ரோபோ பக்கத்துலயே நின்னு சாமான் மாத்தி மாத்தி குடுத்தேன், இப்ப ரிட்டயர் ஆகி பினாங்கு வந்துட்டேன். இங்க பேசுறது பிராஸ்டேட்ட எடுக்குற ஆபரேஷன் பத்தி, அது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில இருக்குற சுரப்பி. பிராஸ்டேட் கேன்சர்னு வந்தா நம்ம ஆம்பளைங்க வாயே திறக்க மாட்டாங்க, பொம்பளகிட்ட எப்படி கேக்குறதுன்னு. நான் பாக்காததா, கூச்சப்படாம கேளுங்க.

செந்தூல்லேர்ந்து: மிஸ்ஸி, அப்பாவுக்கு 66 வயசு. ரோபோதான் ஆபரேஷன் பண்ணும்னு சொல்றாங்க, மெஷின நம்பி எப்படி படுக்க வைக்கிறது?

தம்பி, ரோபோ தானா ஒண்ணும் பண்ணாது. டாக்டர் அதே ரூம்ல ஒரு மூலையில பெட்டி மாதிரி இருக்குற கன்சோல்ல தலைய வச்சு உக்காந்திருப்பாரு, அவர் விரல் அசைஞ்சாதான் உள்ள இருக்குற கை அசையும், அவர் தலைய எடுத்தா அது அப்படியே நின்னுடும். அப்பா பக்கத்துல இன்னொரு டாக்டரும் மிஸ்ஸியும் நிப்பாங்க. டாவின்சிங்கிற மெஷின்தான் பெரும்பாலும், அமெரிக்காவுல 2000ல அனுமதி வாங்குனது, நம்ம கேஎல் ஜிஎச்ல, அதான் கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரியில, 2004லயே ரோபோ வந்துடுச்சு, புது வித்தை ஒண்ணும் இல்ல. மெஷின் மக்கர் பண்ணா என்னன்னு அடுத்து கேப்பீங்க. வயித்த திறக்குற செட்ட நாங்க ரெடியா வச்சிருப்போம், ரத்தம் நிக்கலன்னாலும் மெஷின் கோளாறுன்னாலும் ரோபோவ கழட்டிட்டு திறந்து செய்யலாம். அந்த மாதிரி நடக்குறது ரொம்ப அபூர்வம், ஆனா நடக்கவே நடக்காதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

பாயான் பாருலேர்ந்து: அக்கா, ரோபோல செஞ்சா கேன்சர் நல்லா போயிடும், மூத்திரமும் ஒழுகாதுன்னு சொல்றாங்களே, நெஜமா?

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் பேசுவேன், கோப்பி ஊத்திக்கிட்டு வாங்க.

ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 326 பேர சீட்டு குலுக்கிப் போடுற மாதிரி ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு ரோபோ, பாதிப் பேருக்கு திறந்து செய்யுற ஆபரேஷன்னு வச்சாங்க. முதல் முடிவு 2016ல வந்துச்சு, ரெண்டு வருஷ முடிவு 2018ல. ரத்தப்போக்கு ரோபோல சராசரி 443 மில்லி, திறந்து செஞ்சதுல 1338 மில்லி. ஆஸ்பிட்டல்ல படுக்குறது ஒன்றரை நாள், அந்தப் பக்கம் மூணு நாளுக்கு மேல. இதெல்லாம் ரோபோவுக்கு நல்ல மார்க்குதான். ஆனா மூத்திரம் அடக்குறது, ஆம்பள விஷயம், ரெண்டுலயும் ரெண்டு வருஷம் வரைக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. கேன்சர் திரும்புறது ரோபோ பக்கம் கொஞ்சம் கம்மியா தெரிஞ்சுச்சு, ஆனா பின்னாடி குடுத்த ட்ரீட்மெண்ட் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால அத வச்சு முடிவு கட்டாதீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

இதுல எனக்கு புடிச்ச ஒரு விஷயம் இருக்கு. ரோபோ பண்ண டாக்டர் அதுக்கு முன்னாடி 200க்கு மேல செஞ்சவரு, திறந்து செஞ்சவரு 1500க்கு மேல செஞ்சவரு. அதனால அவங்க சொன்ன முடிவே, எந்த முறைன்னு பாக்குறத விட கை பழகுன, நீங்க நம்புற டாக்டரா பாருங்கங்கிறதுதான். தியேட்டர்ல நின்ன எனக்கு இது அப்பவே தெரியும்ங்க. அதே மெஷின், அதே கை, ஒரு டாக்டர் தையல் போட்டா துணி தைக்கிற மாதிரி ஓடும், இன்னொருத்தருக்கு நூல் சிக்கிக்கிட்டே இருக்கும், நாங்க மணியப் பாத்துக்கிட்டு நிப்போம்.

அதனால டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. இந்த ஆபரேஷன் இதுவரைக்கும் எத்தனை செஞ்சிருக்கீங்க, வருஷத்துக்கு எத்தனை, உங்க பேஷண்ட்ல ஒரு வருஷம் கழிச்சு மூத்திரத்துக்கு பேட் வைக்காம இருக்குறவங்க எத்தனை பேருன்னு. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கிட்டா இன்னொரு யூராலஜிஸ்ட்டயும் (மூத்திரப் பாதை டாக்டர்) பாத்துட்டு வாங்க.

கிள்ளான்லேர்ந்து ஒரு அம்மா: அவருக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். அப்புறம் எங்க ரெண்டு பேருக்குள்ள எப்படி இருக்கும்னு கேக்க வெக்கமா இருக்கு.

அக்கா, நீங்க கேட்டதே பெரிய விஷயம். சுவீடன்ல பெரிய அளவுல கணக்கு எடுத்தாங்க, ஒரு வருஷத்துல மூத்திரம் ஒழுகுறவங்க ரோபோல நூத்துக்கு 21, திறந்ததுல 20. விறைப்பு சரியில்லன்னு சொன்னவங்க ரோபோல 70, திறந்ததுல 75. அதாவது ரோபோன்னாலும் பாதிக்கு மேல ஆளுக்கு ஒரு வருஷத்துல அது சரியா வரல. இத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லது, அப்புறம் யாரும் சொல்லலையேன்னு அழுவாம இருக்கலாம்.

பிராஸ்டேட் ரெண்டு பக்கமும் சிலந்தி வலை மாதிரி விறைப்புக்கான நரம்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், கேன்சர் அது பக்கத்துல இல்லன்னா டாக்டர் அத உரிச்சு விட்டுட்டு எடுப்பாரு. ஒரு பக்கமா ரெண்டு பக்கமுமா காப்பாத்த முடியும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. நரம்பு நல்லா இருந்தாலும் விறைப்பு திரும்ப வர ரெண்டு வருஷம் கூட ஆகும். ஆசை இருக்கும், சுகமும் இருக்கும், விந்து மட்டும் வராது, அது கோளாறு இல்ல. விறைப்புக்கு மாத்திரை இருக்கு, ஆனா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்குறவரா இருந்தா அதையும் இதையும் சேத்து போடவே கூடாது, பார்மசியில தானா வாங்க விடாதீங்க.

சுங்கை பட்டாணிலேர்ந்து: தங்கச்சி, எனக்கு 71. கேன்சர் சின்னது, மெதுவா வளர்றதுன்னு சொல்றாங்க. ஆபரேஷனே பண்ணலன்னா?

அண்ணே, எல்லாருக்கும் கத்தி வேணும்னு இல்ல. இங்கிலாந்துல 1643 பேர ஆபரேஷன், ரேடியேஷன், சும்மா கண்காணிக்கிறதுன்னு மூணா பிரிச்சு 15 வருஷம் பாத்தாங்க. மூணுலயும் அந்த கேன்சரால செத்தவங்க நூத்துக்கு மூணு பேர் அளவுதான். கண்காணிச்சவங்கள்ல நெறைய பேர் பின்னாடி ட்ரீட்மெண்ட் எடுத்தாங்க, பரவுனதும் அந்தப் பக்கம் கூட, அதையும் சொல்லணும். உங்க பயாப்ஸி கிரேட் (சதை எடுத்துப் பாத்து கேன்சர் எவ்வளவு வேகம்னு போடுற நம்பர்), பிஎஸ்ஏ (பிராஸ்டேட்டுக்கு பாக்குற ரத்த டெஸ்ட்), எம்ஆர்ஐ ஸ்கேன் மூணையும் வச்சுக்கிட்டு, கண்காணிச்சா எனக்கு சரி வருமான்னு கேளுங்க. கண்காணிக்கிறதுன்னா டெஸ்டுக்கு ஒழுங்கா போறது, மறந்துட்டு பேரன கூட்டிக்கிட்டு கேமரன் மலைக்கு டூர் போறது இல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து: ரோபோவுக்கு ஏன் இவ்வளவு காசு?

மெஷின் விலை, வருஷ சர்வீஸ், அதுக்கு மேல ரோபோ கையில மாட்டுற சாமான். ஒவ்வொண்ணும் இத்தனை தடவைதான்னு மெஷினே கணக்கு வச்சிருக்கும், முடிஞ்சா ஏத்துக்காது, நல்லா இருந்தாலும் தூக்கித்தான் போடணும், எனக்கு வயிறு எரியும். இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டு இருந்தா ரோபோன்னு எழுதியே ஜிஎல் (பில்ல நாங்க கட்டுறோம்னு இன்சூரன்ஸ்காரங்க குடுக்குற லெட்டர்) வாங்குங்க, சும்மா ஆபரேஷன்னு வாங்கிட்டு பின்னாடி பில்ல பாத்து முழிக்காதீங்க. ஈபிஎஃப் சேமிப்புல (சம்பளத்துல புடிச்ச ஓய்வுக்கால காசு) மருத்துவத்துக்கு எடுக்க வழி இருக்கு, அதையும் விசாரிங்க.

ஆயர் ஈத்தாம்லேர்ந்து: மாமாவுக்கு கிளாக்கோமா (கண் பிரஷர் நோய்) இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கண்டிப்பா. ரோபோல தலைய நல்லா கீழ சாய்ச்சு மணிக்கணக்கா வைப்பாங்க, வயித்துல கேஸ் வேற ஊதியிருக்கும், கண் பிரஷர் ஏறும். முடிச்சுட்டு வெளிய வரும்போது முகமே உப்பியிருக்கும், பாத்து பயந்துடாதீங்க, அது வடிஞ்சுடும். இதயம், நுரையீரல், முன்னாடி வயித்துல பண்ண ஆபரேஷன், ரத்தம் இளக்குற மாத்திரை, எல்லாத்தையும் மயக்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

பட்டர்வொர்த்லேர்ந்து: நேத்து டிஸ்சார்ஜ் ஆயாச்சு, மூத்திரம் போக வச்ச டியூப்போட இருக்கேன். எதுக்கு பயப்படணும்?

டியூப் வழக்கமா ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். மூத்திரம் ரோஸ் கலர்ல வந்தா பரவால்ல. கட்டி கட்டியா ரத்தம், பையில ஒண்ணுமே இறங்காம அடிவயிறு உப்புறது, குளிர் ஜுரம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காம எமர்ஜென்சி போங்க. இன்னொண்ணு, டியூப் தப்பித்தவறி வெளிய வந்துட்டா பக்கத்து கிளினிக்ல போய் சொருகிக்காதீங்க. உள்ள மூத்திரப்பையையும் மூத்திரக் குழாயையும் சேத்து தச்ச இடம் பச்சப்புண்ணா இருக்கும், கண்ண மூடிக்கிட்டு சொருகுனா பிஞ்சுடும். ஆபரேஷன் பண்ண டீமுக்கு போன் அடிச்சுட்டு நேரா அங்கயே ஓடுங்க.

அதே ஆள்: தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுக்கலாமா? ஆபரேஷன் முடிஞ்சு அப்ப நாலு வாரம்தான் ஆகியிருக்கும்.

ஆறு வாரத்துக்கு கனமா எதுவும் தூக்கக் கூடாது அண்ணே. இந்த வருஷம் உங்க மகன் எடுக்கட்டும், நீங்க கீழ தண்ணீர்ப் பந்தல்ல சேர் போட்டு உக்காருங்க. உக்காந்த இடத்துலயே இடுப்புத்தசைய இறுக்கி இறுக்கி விடுங்க, மூத்திரத்த பாதியில நிறுத்துற மாதிரி, டியூப் எடுத்த அப்புறம்தான், டியூப் இருக்கும்போது வேணாம். பிஎஸ்ஏ ஆறு வாரத்துக்கு மேல பாப்பாங்க, 0.1க்கு கீழ இருக்கணும். பின்னாடி ஏறி ரெண்டு தடவ 0.2 தொட்டா ரேடியேஷன் பத்தி பேசுவாங்க, அப்பவும் வழி இருக்கு.

ஈப்போலேர்ந்து: கடைசியா ஒண்ணு மிஸ்ஸி, ஆஸ்பிட்டலுக்கு என்ன எடுத்துட்டு போறது?

கைலி. ரெண்டு, பழசா, மெத்துன்னு. ஜீன்ஸ் போட்டு வந்த ஒருத்தர் டியூப்போட வீட்டுக்கு போக முடியாம, வார்டுல பக்கத்து கட்டில்காரர் கைலிய கேட்டு வாங்கி கட்டிக்கிட்டு போனாரு, அடுத்த வாரம் துவைச்சு இஸ்திரி போட்டு கொண்டு வந்து குடுத்தாரு.